பிரதமரின் கடைசி மகனும் நமது முதல் ஆசனமும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"இலங்கைச் சட்டநிரூபண சபையின் முதலாவது முஸ்லிம் உறுப்பினர் யார்?" இது நாம் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கும் ஒரு புள்ளி வினா. விடை எம்.சீ. அப்துர் ரஹ்மான், ஆண்டு 1889. பிள்ளை சரியாகச் சொன்னால் ஒரு சரி போடுகிறோம், அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். அந்த ஆசனத்தைக் கொடுத்தவர் யார், ஏன் கொடுத்தார், ஏன் அதுவரை கொடுக்கவில்லை என்ற மூன்று கேள்விகளும் வகுப்பறைக்கு வருவதே இல்லை. அவற்றுக்கு விடை தேடினால் ஸ்கொட்லாந்தில் ஒரு பெரிய வீட்டின் வாசலில் போய் நிற்போம்.

அந்த வீட்டின் பெயர் ஹடோ மாளிகை. அபர்டீன்ஷயரில் இருக்கிறது. ஹமில்டன்-கோர்டன் குடும்பத்தின் பரம்பரை இல்லம். குடும்பத் தலைவருக்கு அக்காலத்தில் 'ஏர்ல் ஒஃப் அபர்டீன்' என்று பட்டம் இருந்தது.

1784இல் அந்தக் குடும்பத்தில் ஜோர்ஜ் என்று ஒரு பிள்ளை பிறந்தது. பதினொரு வயதுக்குள் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. நம்மூரில் அப்படி ஒரு யதீம் பிள்ளையைப் பெரியவாப்பாவோ மாமாவோ பொறுப்பெடுப்பார். ஜோர்ஜுக்குப் பாதுகாவலர்களாக வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்போதைய பிரதமர் வில்லியம் பிட். மற்றவர் ஹென்றி டண்டாஸ். 1796இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து நமது கரையோரத்தைக் கைப்பற்றியபோது இலண்டனில் யுத்த அமைச்சராக இருந்தவர் இதே டண்டாஸ்தான்.

இப்படி வளர்ந்த பிள்ளைக்கு அரசியல் என்பது வீட்டு முற்றம் மாதிரி. அவருடைய தம்பிமாரையும் பாருங்கள். அலெக்சாண்டர் தளபதி வெலிங்டனின் மெய்க்காவல் அதிகாரிகளில் ஒருவர், 1815இல் வாட்டர்லூவில் காயப்பட்டு மரணித்தார். ரொபர்ட் கொன்ஸ்தாந்திநோபிளில் உஸ்மானிய சுல்தானிடம் தூதுவராக இருந்தார். வில்லியம் கடற்படைக்குப் போனார். இராணுவம், கடற்படை, தூதரகம், அமைச்சரவை என்று நான்கு இடங்களில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மூத்தவர் ஜோர்ஜ் இரண்டு தடவை வெளிநாட்டமைச்சர், ஒரு தடவை யுத்த, குடியேற்றநாட்டு அமைச்சர். அபினி யுத்தத்தின் முடிவில் 1842இல் சீனாவிடமிருந்து ஹொங்கொங் வாங்கப்பட்டபோது வெளிநாட்டமைச்சர் அவர்தான். ஹொங்கொங்கில் இன்றைக்கும் 'அபர்டீன்' என்று ஒரு துறைமுகம் இருப்பது அதனால்தான். 1852 டிசம்பரில் அவர் பிரதமரானார்.

அவருடைய ஆட்சியை விழுத்தியது கிரைமிய யுத்தம். யுத்தத்தை விரும்பாத மனிதர் அவர். ஆனாலும் 1854இல் பிரித்தானியாவும் பிரான்சும் உஸ்மானிய கிலாபத்தின் பக்கம் நின்று ரஷ்யாவுடன் மோதின. படையினர் குளிரிலும் கொலராவிலும் செத்தார்கள். யுத்தம் நடத்தப்பட்ட விதத்தை விசாரிக்க வேண்டும் என்ற பிரேரணை பாராளுமன்றத்தில் நிறைவேற, 1855 ஜனவரியில் அவர் பதவி துறந்தார். அந்த இரண்டு வருடமும் அவரருகில் இருந்த அந்தரங்கச் செயலாளர் யார் தெரியுமா? அவருடைய கடைசி மகன் ஆதர். 1829இல் பிறந்தவர், அப்போது இருபதுகளின் நடுவில் ஓர் இளைஞர். இவர்தான் பிற்காலத்தில் நமது தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன்.

இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். நமது மார்க்கத்தில் வாப்பாவின் சொத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. ஆங்கிலேயப் பிரபுக் குடும்பங்களில் பட்டம், மாளிகை, காணி எல்லாம் மூத்த மகனுக்கே. இளையவர்களுக்குக் குடும்பப் பெயரும் வாப்பாவின் நண்பர்களும்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு படைக்குப் போகலாம், தேவாலயத்துக்குப் போகலாம், குடியேற்ற நாடுகளுக்குப் போகலாம். ஒரு மாளிகையின் சொத்துச் சட்டத்துக்கும் நமது நாட்டின் ஆட்சிக்கும் இப்படியொரு தொடர்பு இருந்தது.

ஆதர் கொஞ்சக் காலம் பாராளுமன்றத்தில் இருந்தார், அங்கே பெரிதாக எடுபடவில்லை. வாப்பாவின் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் அவரைத் தன் செயலாளராக அயோனியத் தீவுகளுக்கு அழைத்துப் போனார். அதன் பிறகு குடியேற்ற நாடுகள்தான் அவருடைய வாழ்க்கை. 1861 முதல் நியூ பிரன்ஸ்விக், பின்பு டிரினிடாட், மொரீசியஸ், பிஜி, நியூசிலாந்து, 1883 டிசம்பர் முதல் 1890 வரை இலங்கை. ஆறு நாடுகள், ஒரே மனிதர்.

அவரைக் கெட்டவராகக் காட்டுவது சுலபம். ஆனால் அது நேர்மையாக இருக்காது. மொரீசியஸில் இந்தியத் தொழிலாளர்கள் பட்ட துன்பத்தைச் சொல்லி 1871இல் 9,401 பேர் ஒப்பமிட்ட மனு ஒன்று அவர் கைக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்களைக்கூட 'நாடோடிகள்' என்று பிடித்து அடைத்த காலம் அது. தோட்டத் துரைமாரின் கோபத்தையும் பாராமல் கோர்டன் விசாரணைக்கு ஆதரவாக நின்றார். 1872இல் அரச ஆணைக்குழுவே வந்தது. டிரினிடாட்டில் அரச காணிகளைச் சிறு விவசாயிகளுக்குத் திறந்துவிட்டவரும் அவர்தான். வெள்ளைத் தோட்டக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. நாட்டின் சாதாரண மக்களைப் பணம் படைத்த வியாபாரிகளிடமிருந்து காப்பாற்றுவது ஒரு பிரபுவின் கடமை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அந்த நம்பிக்கைக்குள்தான் பிரச்சினையும் இருந்தது. அதைப் பார்க்க பிஜிக்குப் போக வேண்டும்.

1875இல் அவர் பிஜிக்குப் போனபோது அந்தத் தீவுகள் பிரித்தானியா வசமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சின்னமுத்து நோய் பரவி சுமார் 40,000 பேர் இறந்திருந்தார்கள். கோர்டன் மூன்று முடிவுகள் எடுத்தார். சுதேசிகளின் காணியை வெள்ளையருக்கு விற்க முடியாதபடி தடுத்தார். மக்களை அவர்களுடைய பரம்பரைத் தலைவர்கள் மூலமே ஆள வேண்டும் என்று தலைவர்களின் பேரவையை ஆட்சியின் ஓர் அங்கமாக்கினார். ஸ்கொட்லாந்தின் குலத் தலைவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவருக்கு பிஜியின் தலைவர்களும் சொந்தக்காரர் மாதிரித் தெரிந்திருப்பார்கள்.

மூன்றாவது முடிவு, அரசாங்கத்துக்கு வருமானம் தேடுவது பற்றியது. அதற்குக் கரும்பு வேண்டும், கரும்புக்கு ஆள் வேண்டும். பிஜியரைக் கிராமத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பது கொள்கை. அப்படியானால்? மொரீசியஸிலும் டிரினிடாட்டிலும் கண்ட வழி அவருக்குத் தெரியும். 1879 மே 14ஆம் திகதி 'லியோனிடாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் பிஜிக்கு வந்து சேர்ந்தது. 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் இப்படிக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903க்குப் பின் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள், தமிழ் பேசுவோரும் இருந்தார்கள்.

மொரீசியஸில் இந்தியத் தொழிலாளிக்காக வாதாடிய அதே மனிதர், பிஜிக்கு இந்தியத் தொழிலாளியைக் கொண்டுவந்தார். பிஜியருக்குக் காணியும் தலைவரும், இந்தியருக்குக் கரும்பும் ஒப்பந்தமும், வெள்ளையருக்கு ஆலையும் வியாபாரமும் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வோர் இடம். அந்தந்த இடத்தில் இருந்தால் அவரவருக்குப் பாதுகாப்பு. இதுதான் கோர்டன் கண்ட நல்லாட்சி.

அடுத்து நியூசிலாந்து. அது சுயாட்சி பெற்ற நாடு, தேசாதிபதி அமைச்சர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். 1881இல் பரிஹாக்கா என்ற இடத்தில் மவோரி மக்கள் தமது காணியை ஆயுதம் எடுக்காமல் பாதுகாத்துக்கொண்டிருந்தார்கள். கோர்டனின் அனுதாபம் மவோரிகள் பக்கம். அவர் பிஜிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அமைச்சர்கள் நடவடிக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். நவம்பர் 5ஆம் திகதி படை புகுந்தது. திரும்பி வந்திருந்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இலங்கை அப்படியல்ல. இது முடிக்குரிய குடியேற்ற நாடு. இங்கே தேசாதிபதி சொன்னால் நடக்கும்.

அவர் வந்த நேரத்தில் கோப்பிப் பயிர் நோயால் அழிந்து நாடே சரிந்திருந்தது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. மக்கள் கையில் இருந்த அந்த வங்கியின் தாள்கள் வெறும் கடதாசியாகப் போகும் நிலை. கோர்டன் இலண்டனின் அனுமதிக்குக் காத்திராமல் அந்தத் தாள்களுக்கு அரசாங்கப் பிணை கொடுத்தார். அரசாங்கமே நாணயத் தாள் வெளியிடும் முறை அதன் தொடர்ச்சியாக வந்ததுதான். தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவ அவர் காலத்தில் புனரமைக்கப்பட்டது. 1885இல் வெசாக் தினம் பொது விடுமுறையானது. மறுபக்கம், நெல்வரி கட்ட முடியாத ஏழை விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் போனதும் அதே காலத்தில்தான். வலப்பனையில் நடந்த கொடுமை இலண்டன் வரை பேசப்பட்டது. அந்த வரி அவர் போன பிறகு 1892இல்தான் ஒழிந்தது.

அப்போது நமது சமூகத்தின் நிலை என்ன? 1882இல் கிளாட்ஸ்டன் அரசாங்கம் அலெக்சாந்திரியாவைக் குண்டுபோட்டு எகிப்தைப் பிடித்தது. தோற்ற தலைவர் ஒராபி பாஷா 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கினார். அவரை நாடுகடத்தியது கோர்டனின் ஆசான் கிளாட்ஸ்டனின் அரசாங்கம் என்பதைக் கவனியுங்கள். கைதியாக வந்த பாஷாவை நமது முன்னோர் தலைவராக வரவேற்றார்கள். துருக்கித் தொப்பி இங்கே பரவியது அவரைப் பார்த்துத்தான். சித்திலெப்பை மரைக்காரின் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை 1882இலேயே தொடங்கியிருந்தது. கல்வியில் பின்தங்கி நிற்கிறோமே என்ற கவலை எழுந்த காலம் அது. அந்த முயற்சிகளின் பலனாக 1892இல் கொழும்பில் மருதானையில் ஸாஹிராவாக வளர்ந்த பாடசாலை உருவானது.

ஆனால் சட்டநிரூபண சபையில் நமக்கு ஆசனம் இல்லை. 1833இல் கோல்புறூக்கின் சிபாரிசுப்படி சபை உருவானபோது உத்தியோகபற்றற்ற உறுப்பினர்கள் ஆறு பேர். ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். எல்லோரும் தேசாதிபதி நியமித்தவர்கள். மலைநாட்டுச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தனி இடம் இல்லை.

1888இல் தமிழ் உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன் ரோயல் ஏசியாட்டிக் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே வேறானவர் என்பது அதன் சாரம். அது வெறும் ஆராய்ச்சி என்று நமது பெரியவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆசனம் இனத்தின் பேரில் கொடுக்கப்படும் நாட்டில், "நீங்கள் தனி இனமல்ல" என்று சொன்னால் "உங்களுக்கு ஆசனம் தேவையில்லை" என்றுதான் அர்த்தமாகும். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். இராமநாதனுக்கும் அஸீஸுக்கும் நடந்த வாதத்தை நாம் இன்றைக்கும் முகநூலில் தொடர்கிறோம். இனம் என்பது சபைக்குள் நுழையும் நுழைவுச்சீட்டாக ஏன் ஆனது, அதை அச்சடித்தவர் யார் என்று மட்டும் இரண்டு பக்கமும் கேட்பது குறைவு.

1889இல் கோர்டனின் காலத்தில் உத்தியோகபற்றற்ற உறுப்பினர் தொகை எட்டானது. புதிய ஆசனங்களில் ஒன்று மலைநாட்டுச் சிங்களவருக்கு, டீ.பி. பானபொக்கே நியமிக்கப்பட்டார். மற்றது முஸ்லிம்களுக்கு, கொழும்பு வர்த்தகர் அப்துர் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 56 வருடம் கதவுக்கு வெளியே நின்ற சமூகம் உள்ளே போய் அமர்ந்தது. அந்த மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் கோர்டன் என்ன நினைத்துக் கொடுத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலம் படித்து, எல்லா இலங்கையர் சார்பிலும் பேச முன்வந்த புதிய வகுப்பினரை அவருக்குப் பிடிக்காது. பழைய குடும்பங்களையும் தலைவர்களையும்தான் நம்பினார். கண்டிப் பிரதானிகளை உயர்த்தியதும் அதே மனதோடுதான். சமூகம் என்றால் அதற்கு ஒரு தலைவர், அவரை அழைத்துப் பக்கத்தில் இருத்தினால் சமூகம் முழுவதும் வந்து இருந்த மாதிரி. பிஜியில் செய்ததை இங்கே நாற்காலிக் கணக்கில் செய்தார். எட்டுப் பேர் சேர்ந்து வாக்களித்தாலும் உத்தியோகபூர்வ உறுப்பினர்களின் பெரும்பான்மையை வெல்ல முடியாது. ஆனால் அந்த எட்டுப் பேருக்குள், எந்த இனத்துக்கு எத்தனை என்ற போட்டி மட்டும் உறுதியாக வளரும்.

நமது முஸ்லிம் பிரதிநிதியை நமது மக்கள் முதன்முதலில் வாக்களித்துத் தெரிவுசெய்தது 1924இல். அப்துல் காதர், மாக்கான் மாக்கார், ரீ.பி. ஜாயா ஆகிய மூவர் சபைக்குப் போனார்கள். 1889 முதல் அதுவரை 35 வருடம் நமக்காகப் பேசுபவரைத் தேசாதிபதிதான் தெரிவுசெய்தார். அதற்கிடையில் 1915 கலவரம் வந்தது. கடைகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. சபையில் ஓர் ஆசனம் இருந்தது, தெருவில் அது காப்பாற்றவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு அரைகுறையாகிவிடும். 1931இல் டொனமூர் யாப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. பிரதேசவாரித் தேர்தல், எல்லோருக்கும் வாக்கு. கொள்கையாக நல்லது. ஆனால் 1936 தேர்தலில் அரசாங்க சபைக்கு ஒரு முஸ்லிம்கூடத் தெரிவாகவில்லை. ஜாயாவும் ராசிக்கும் நியமன உறுப்பினர்களாகத்தான் உள்ளே போனார்கள். சிதறி வாழும் சிறுபான்மைக்கு வெறும் எண்ணிக்கை மட்டும் நீதி தந்துவிடாது என்பதற்கு இது நமது சொந்த அனுபவம். ஆகவே இனவாரி ஆசனம் கேட்ட நமது முன்னோரைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்களுக்குத் திறந்திருந்த ஒரே கதவு அதுதான். கதவைச் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

பிஜியின் கதையும் தெரிந்ததுதான். சுதந்திரத்தின்போதும் அங்கே இனவாரி வாக்காளர் பட்டியல் தொடர்ந்தது. 1987இல் இந்திய வம்சாவளியினரின் ஆதரவோடு அமைந்த அரசாங்கம் இராணுவப் புரட்சியால் கவிழ்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நாட்டைவிட்டுப் போனார்கள். அதற்கு நூறு வருடத்துக்கு முன் இறந்துபோன ஒழுங்குகளை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு மக்களும் ஒன்றாக வாழப் பழகாதபடி முதல் கோட்டைக் கீறியவர் நல்லெண்ணத்தோடுதான் கீறினார்.

கோர்டன் 1890இல் இங்கிருந்து போனார். தகப்பனின் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். 1893இல் ஸ்டான்மோர் பிரபுவாகி மேல்சபைக்குப் போனார். 1912இல் காலமானார். அதே 1893இல் அவருடைய அண்ணன் மகனின் மகன் அல்ல, அண்ணன் மகனே, ஏழாவது ஏர்ல், கனடாவின் மகாதேசாதிபதியானார். அவர் பின்பு அயர்லாந்தில் முடியின் பிரதிநிதியாகவும் இருந்தார். குடும்பம் தொடர்ந்து ஆண்டது.

அந்த ஏழாவது ஏர்லுக்குப் பட்டம் வந்த விதம் விசித்திரமானது. அவருடைய அண்ணன் ஆறாவது ஏர்ல் ஹடோ மாளிகையை விட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு, அமெரிக்கக் கப்பல்களில் சாதாரண மாலுமியாக வேலை செய்தார். 1870இல் கடலில் விழுந்து இறந்தார். மாலுமிகளுக்கு அவர் யாரென்றே தெரியாது. பிரித்தானியப் பேரரசை நடத்திய ஒரு வீட்டில், தன் பெயரை வைத்து எதையும் பெறாமல் கைவேலையால் உண்ட ஒருவரும் இருந்தார் என்பதை நமது பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நம்மைப் போல வரலாறு படிப்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1889ஐப் படிப்பிக்கும் நாளில் பத்து நிமிடம் கூடுதலாக எடுப்போம். கரும்பலகையில் ஆறு ஆசனங்களையும் வரைந்து, எந்த இனத்துக்கு எத்தனை என்று எழுதுவோம். பிறகு எட்டாக்குவோம். "நீங்கள் தேசாதிபதியாக இருந்தால் எப்படிப் பிரித்திருப்பீர்கள்?" என்று கேட்போம். சில பிள்ளைகள் சனத்தொகைக் கணக்குக் கேட்பார்கள். சில பிள்ளைகள் பெண்கள் எங்கே, தோட்டத் தொழிலாளர்கள் எங்கே என்று கேட்பார்கள். யாராவது ஒரு பிள்ளை, "ஏன் இனத்தால் பிரிக்கணும் சேர்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நாம் அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். 1936ஐயும் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளையே பேச விடுவோம்.